பதினேழு பெயர்களும் ஒரு சுவிட்ச் போர்டும்

சபையின் கம்ப்யூட்டர் பயிற்சி மையத்துக்கு முதலில் வந்து சேர்ந்தது கல்வெட்டுதான். கம்ப்யூட்டர்கள் மூன்று வாரம் கழித்து வந்தன. அதில் யாருக்கும் குறையில்லை. கம்ப்யூட்டர் இல்லாமல்கூட ஒரு கம்ப்யூட்டர் மையத்தைத் திறந்துவிடலாம். கல்வெட்டு இல்லாமல் எதைத் திறப்பது?

முதல் திட்டத்தில் அது ஒன்றரை அடிக்கு ஓரடிதான். பேராயர் பெயர், போதகர் பெயர், தேதி. செயலாளர் இதைக் கமிட்டியில் வாசித்து முடித்ததும் பொருளாளர் தொண்டையைக் கனைத்தார். அவர் கனைத்தால் எங்கோ அவருடைய பெயர் விடுபட்டிருக்கிறது என்று பொருள். சேர்த்துக்கொண்டார்கள். பொருளாளரைச் சேர்த்த பிறகு மீதி உறுப்பினர்கள் பதின்மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களையும் பொருளாளருக்கு மேலே வரிசையாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஒருவர் தன் பட்டத்தைப் போட வேண்டும் என்றார். பட்டம் இல்லாத ஒருவர், அப்படியானால் தான் இருபது வருடம் கப்பலில் இருந்ததைப் போட வேண்டும் என்றார். இந்த விவாதத்துக்கு இரண்டு கூட்டங்கள் ஆயின. என்ன கற்றுக்கொடுப்பது, யார் கற்றுக்கொடுப்பது என்பதற்கு நேரம் இல்லாமல் போனது.

“எல்லார் பேரும் வரட்டும். என் பேரு கடைசியில போதும்” என்றார் செயலாளர். “நமக்கு எதுக்குங்க முதலிடம்?”

கமிட்டி நெகிழ்ந்துபோனது. வீட்டுக்குப் போனதும் செயலாளர் கல் வெட்டுகிறவரைப் போனில் கூப்பிட்டு, கடைசி வரியை மட்டும் மற்ற வரிகளைவிட இரண்டு மடங்கு பெரிதாக வெட்டச் சொன்னார். தாழ்மை என்று ஒன்று இருந்தால் அது நாலு பேர் கண்ணில் பட வேண்டாமா?

ஆக, நாலடி உயரம், மூன்றடி அகலம், பதினேழு பெயர்கள். சபை மண்டபத்துக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகளும் ஊமையாகிப்போன ஒலிபெருக்கி ஒன்றும் கிடந்த அறையைக் காலி செய்து வெள்ளையடித்திருந்தார்கள். அதில் ஒரு சுவரில் ஜன்னல், ஒரு சுவரில் கதவு, ஒரு சுவரில் ஈரம். மிச்சம் இருந்தது கதவுக்கு நேர் எதிரே உள்ள சுவர் ஒன்றுதான். அந்தச் சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தது.

“ஐயா, இங்க போர்டு இருக்கு” என்றார் கொத்தனார்.

“இருக்கட்டுமே. அது என்ன பண்ணுது?”

“அதுலதாங்க ரூமுக்கு கரண்டு வருது.”

“கொஞ்சம் மேல தூக்கி வைக்க முடியாதா?”

“தாராளமா. போர்டுக்கு மேல வெச்சிடலாம்.”

செயலாளர் யோசித்தார். பேராயர் குள்ளம். ஐந்தடிக்கு மேல் ஓரிரு அங்குலம் இருந்தால் அதிகம். திரையை விலக்கிவிட்டு அவர் நிற்கும்போது அவருடைய முகமும் அவருடைய பெயரும் ஒரே மட்டத்தில் இருந்தால்தானே போட்டோ நன்றாக விழும்? கல்லை மேலே ஏற்றினால் பேராயர் கிணற்றுக்குள் இருந்து எட்டிப் பார்ப்பதுபோல இருக்கும்.

“வேணாம். போர்டு மூடியைக் கழட்டிட்டு அது மேலேயே கல்லைப் பதிச்சிடு. பேராயர் போனப்புறம் பாத்துக்கலாம்.”

கொத்தனார் போர்டு மூடியைக் கழற்றினார். பிறகு சாந்தைக் குழைத்தார். கூலிக்கு வந்தவர் அதற்கு மேல் என்ன சொல்வது?

திறப்பு விழா சிறப்பாக நடந்தது. ஏதோ ஒரு கம்பெனி கழித்துக் கட்டிய எட்டு கம்ப்யூட்டர்கள், மாதர் சங்கத்தார் தைத்துக் கொடுத்த லேஸ் வைத்த உறைகளைப் போர்த்திக்கொண்டு கல்யாணப் பெண்களைப்போல வரிசையாக இருந்தன. வெளியே வாடகை ஜெனரேட்டர் ஒன்று இரைந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக ஒரு வயர் உள்ளே வந்து, முதல் கம்ப்யூட்டரோடு நின்றுவிட்டது. பேராயர் ஒரு பொத்தானை அழுத்தினார். திரையில் பச்சை மலையும் நீல வானமும் தோன்றின. எல்லோரும் கை தட்டினார்கள். பேராயர் சூடு பட்டதுபோல விரலை இழுத்துக்கொண்டார். செயலாளர் நாற்பது நிமிடம் பேசினார். இந்தச் சபை இருளில் இருந்த மக்களுக்கு வெளிச்சம் கொண்டுவந்திருக்கிறது என்றார். அவர் உட்கார்ந்து டீ வாங்குவதற்குள் ஜெனரேட்டர்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

*

சபையின் பள்ளிக்கூடம் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. அங்கே மணி அடிப்பவளை எல்லோரும் மணியக்கா என்பார்கள். மணி அடிப்பது, அறைகளைத் திறப்பது, கூட்டுவது, தண்ணீர்க் குடத்தை நிரப்புவது, சுற்றறிக்கையை வகுப்பு வகுப்பாக எடுத்துக்கொண்டு ஓடுவது, சனிக்கிழமைகளில் சபை அறைகளையும் பெருக்குவது எல்லாம் அவள் வேலை. பன்னிரண்டாம் வகுப்புப் பாஸ். அதைப் பதினோரு வருடமாக யாரும் கேட்டதில்லை. பதினோரு வருடமாக அந்தப் பள்ளியில் அவள் உட்கார்ந்ததும் இல்லை. முழங்கால் இரண்டும் படிக்கட்டைப் பார்த்தாலே அழுதன.

பள்ளி அலுவலகத்தில் இருந்த கிளார்க் அடுத்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுவதாக இருந்தார். பெரிய டீச்சர் என்று எல்லோரும் சொல்லும் தலைமையாசிரியை மணியக்காவைக் கூப்பிட்டார்.

“நீ பன்னெண்டாவது முடிச்சிருக்கேன்னு சொன்னாங்களே, நிஜமா?”

“நிஜந்தான் டீச்சர். மார்க் ஷீட்டு கொண்டு வரட்டா?”

“அதை வெச்சு நான் என்ன பண்ண? அடுத்த மாசம் கடைசி வெள்ளிக்கிழமை ஒரு பரீட்சை வைக்கிறேன். நான் குடுக்கிற ஒரு லெட்டரை கம்ப்யூட்டர்ல அரை மணி நேரத்துல அடிச்சு எடுத்துக் குடு. குடுத்தா அந்த நாற்காலி உனக்கு. முடியலைன்னா வெளியில விளம்பரம் குடுத்துடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

“சபையில புதுசா மையம் திறந்திருக்காங்களே டீச்சர். அங்க கத்துக்கிறேன்.”

பெரிய டீச்சர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். “கத்துக்கோ” என்றார்.

மறுநாள் சாயங்காலம் மையத்துக்குப் போனபோதுதான் அந்தப் பார்வையின் அர்த்தம் புரிந்தது. கற்றுக்கொடுப்பதற்கு ஆளைப் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் ஆர்கன் வாசிப்பவர். கம்ப்யூட்டரை அவர் அதற்கு முன் தொட்டதில்லை. “பத்து விரலையும் அசைக்கத் தெரிஞ்ச ஆள் நம்ம சபையில அவரு ஒருத்தர்தான்” என்று செயலாளர் அவரை நியமித்திருந்தார். ஆர்கன்காரர் நல்ல மனிதர். எங்கிருந்தோ ஒரு பழைய டைப்ரைட்டிங் புத்தகத்தைத் தேடிப் பிடித்து, எந்த எழுத்துக்கு எந்த விரல் என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தானும் மனப்பாடம் செய்திருந்தார். கரண்டு மட்டும்தான் இல்லை.

“இப்போதைக்கு விரல் பயிற்சி” என்றார். “இடது சுண்டு விரல். ஒண்ணு, ரெண்டு, மூணு. சத்தம் வருமேன்னு எதிர்பார்க்காதீங்க.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்ற தபால்காரர். பேரனுக்கு ஈமெயில் அனுப்ப ஆசைப்பட்டு வந்தவர். “முப்பத்தாறு வருஷம் அடுத்தவன் லெட்டரைத்தான் சுமந்தேன். இப்ப நானே எழுதலாம்னு வந்தா செத்த பொட்டி முன்னால உக்கார வெச்சு ஒப்பாரி வெக்கச் சொல்றாங்க” என்றார்.

“தாத்தா, வலது மோதிர விரல்” என்றார் ஆர்கன்காரர்.

“இந்தாப்பா, அடிச்சாச்சு. எழுந்து வந்துச்சா?”

மணியக்கா சிரிக்கவில்லை. விரல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது.

அவளுடைய கொழுந்தன் எலக்ட்ரீஷியன். சனிக்கிழமை கூட்டப் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போனாள். அவன் கல்வெட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். தட்டிப் பார்த்தான். காதை வைத்துக்கூடக் கேட்டான்.

“அண்ணி, இந்த ரூமோட உசிரே இந்தக் கல்லுக்குப் பின்னால இருக்கு. வேற எங்கயும் லைன் இல்ல. கல்லைக் கழட்டுங்க, பத்து நிமிஷத்துல எட்டு பொட்டியும் பேசும்.”

“மண்டபத்துலேர்ந்து ஒரு வயரு இழுக்க முடியாதா?”

“இழுக்கலாம். பலிபீடத்துக்கு முன்னாடிதான் வயரு போகும். உங்க சபை ஐயருங்க விடுவாங்களா?”

செயலாளர் விடவில்லை. வயரையும் விடவில்லை, கல்லையும் விடவில்லை.

“ஏம்மா, அது சாதாரணக் கல்லா? பேராயர் ஜெபம் பண்ணித் திறந்து வெச்சது. திறந்ததை நாமளே கழட்டினா என்ன அர்த்தம்? நாளைக்கு யாராவது ஏன் கழட்டுனீங்கன்னு கேட்டா என்ன சொல்றது?”

“கரண்டுக்குன்னு சொல்லலாங்கய்யா.”

“கரண்டு!” செயலாளர் அந்தச் சொல்லைச் செருப்பில் ஒட்டியதைப்போல உதறினார். “கரண்டு இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும். இது நிக்கும்.”

அவள் போதகரிடம் போனாள். போதகர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. கடைசியில், “ஜெபத்துல வெச்சுக்குவோம்மா” என்றார். அவருடைய ஜெபத்தில் ஏற்கனவே மண்டபத்துக் கழிப்பறைக் கதவு நான்கு வருடமாக இருந்தது.

*

மூன்று வாரம் விரல் பயிற்சி நடந்தது. லேஸ் உறையை மடித்து வைத்துவிட்டுக் கறுத்த திரையின் முன் உட்கார்ந்து மணியக்கா தட்டிக்கொண்டே இருந்தாள். திரையில் அவள் முகம்தான் தெரிந்தது. எதையாவது எழுதினோமா, எங்கே தப்பு விட்டோம் என்பதெல்லாம் கடவுளுக்குத்தான் தெரியும். வீட்டில் சோற்றுத் தட்டின் விளிம்பில்கூட விரல் ஓடியது. “சாப்பாட்டை அடிச்சு யாருக்கு அனுப்பறே?” என்று கேட்டான் புருஷன்.

“உனக்குத்தான். வந்து சேந்துச்சான்னு பாரு” என்றாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை, சபையின் மாத மடலுக்காக மறுநாள் மையத்தை போட்டோ எடுக்கப்போவதாக ஆர்கன்காரர் வந்து சொன்னார். ‘அறிவொளி பரப்பும் நம் மையம்’ என்று முழுப்பக்கக் கட்டுரை. எழுதுபவர் செயலாளர். போட்டோவில் வகுப்பும் தெரிய வேண்டும், கல்வெட்டும் தெரிய வேண்டும் என்பது அவருடைய உத்தரவு. அவர் வரப்போவதில்லை. திறப்பு விழாவுக்குப் பிறகு அவர் அந்த அறைக்குள் கால் வைத்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மணியக்கா முதல் மணி அடிப்பதற்கு முன்னால் மையத்தைத் திறந்தாள். கதவோரமாகக் கிடந்த ஆர்கன்காரரின் மேஜையை, முழங்கால் கத்தக் கத்த, தள்ளிக்கொண்டு போய்க் கல்வெட்டுக்கு முன்னால் போட்டாள். நாலடி எட்டி நின்று குனிந்து பார்த்தாள். மேஜைக்கு மேல் பதினாறு பெயர்கள் தெரிந்தன. கடைசி வரியை, எழுத்து இரண்டு மடங்கு பெரிதாக இருந்தும், மேஜை முழுசாக விழுங்கியிருந்தது. போதாததற்கு மேஜை ஓரத்தில் ஒரு பூச்சாடியையும் வைத்தாள். அழகு வேண்டாமா?

சாயங்காலம் ஆர்கன்காரர் வந்து பார்த்தார். “மேஜை இங்க எதுக்கு?”

“வாத்தியாரு கல்வெட்டுக்குப் பக்கத்துல நின்னாத்தானே ஐயா மதிப்பு?”

அவருக்கு அது பிடித்திருந்தது. நின்றார். போட்டோ எடுத்தார்கள்.

மடல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆராதனை முடிந்து மண்டப வாசலில் எல்லோரும் அதைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். செயலாளர் தன் கட்டுரையை இரண்டு முறை வாசித்துவிட்டுத்தான் போட்டோவுக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பேராயர் இருந்தார். போதகர் இருந்தார். கப்பலில் இருந்தவர் இருந்தார். எல்லாருக்கும் கடைசியாகப் பொருளாளர், மேஜை விளிம்பில் உட்கார்ந்ததுபோலப் பளிச்சென்று இருந்தார்.

“ஏங்க, உங்க பேரைக் காணோம்?” என்று கேட்டார் செயலாளரின் மனைவி, நாலு பேர் கேட்க.

“ரொம்ப நல்லா வந்திருக்கு போட்டோ” என்றார் பொருளாளர் அந்தப் பக்கம் வந்து. “எழுத்தெல்லாம் தெளிவா இருக்கு.”

அவசரக் கமிட்டி அன்றைக்கே கூடியது. கழிப்பறைக் கதவுக்கு நான்கு வருடமாகக் கூடாத கமிட்டி, மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கூடியது. மணியக்கா டீ கொடுக்கப் போனாள். கொஞ்சம் மெதுவாகவே கொடுத்தாள்.

“மேஜையை நகத்திட்டா போச்சு” என்றார் பொருளாளர்.

“இன்னிக்கு மேஜைம்பீங்க. நாளைக்கு பீரோ வரும், நாளன்னிக்கு பெஞ்சு வரும். ஒரு மனுஷனோட பேரு தட்டுமுட்டு சாமானை நம்பியா இருக்கணும்?”

“அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க?”

“என் பேருக்காகச் சொல்லலை. எனக்கெதுக்குப் பேரு? முழுமைன்னு ஒண்ணு இருக்கு. பதினேழு பேரு போட்டா பதினேழும் தெரியணும்.”

“பேராயர் ஜெபம் பண்ணின கல்லாச்சே” என்றார் போதகர் மெல்ல. “கழட்டலாமா?”

“யாரு கழட்டச் சொன்னா? உயர்த்துறோம். கழட்டுறது வேற, உயர்த்துறது வேற.”

மணியக்கா கடைசிக் கோப்பையை வைத்தாள். “ஐயா, தப்பா நெனைக்காதீங்க. ஒரு அடி ரெண்டு அடின்னு உயர்த்தினா, முன்னால யாராவது உக்காந்தா மறுபடி மறைக்கும். கல்லோட அடி நாலடி உயரத்துல இருக்கிற மாதிரி தூக்கிட்டீங்கன்னா, எவ்வளவு கூட்டம் உக்காந்தாலும் உங்க வரி நெஞ்சுக்கு நேரா தெரியும்.”

செயலாளர் அவளை முதல் முறையாக ஒரு ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “பாத்தீங்களா, கூட்டுற பொண்ணுக்கு இருக்கிற அறிவு!” என்று பொருளாளரிடம் சொன்னார்.

தீர்மானம் பதினோரு நிமிடத்தில் நிறைவேறியது.

செவ்வாய்க்கிழமை கொத்தனார் கல்லைப் பெயர்த்தார். பின்னால் இருந்த சுவிட்ச் போர்டு, பல்லைக் காட்டிக்கொண்டு, பத்திரமாக இருந்தது. கல் மேலே ஏறியதும் அதன் அடிவிளிம்புக்குச் சற்றுக் கீழே போர்டு தாராளமாக மூச்சு விட்டது. கொழுந்தன் தயாராக வெளியே நின்றிருந்தான். சாந்து காய்வதற்குள் மூடியைப் பொருத்தி சுவிட்சைப் போட்டான். எட்டுத் திரையிலும் பச்சை மலை வந்தது.

“அட, எழுந்துடுச்சுப்பா!” என்றார் தபால்காரர்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. மணியக்கா உட்கார்ந்து, மூன்று வாரமாகக் கறுப்புக்குள் அடித்துக்கொண்டிருந்த அதே வரியை அடித்தாள். எழுத்துகள் வந்தன. பாதி தப்பு. பாதி சரி. தப்பைப் பார்க்க முடிந்ததே பெரிய விஷயமாக இருந்தது. ஆர்கன்காரர் தன் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து இருவரும் சேர்ந்தே கற்றுக்கொண்டார்கள்.

பரீட்சை நாளில் பெரிய டீச்சர் கொடுத்த கடிதம் ஒன்றரைப் பக்கம். மேஜை விசிறியைப் பழுது பார்க்கக் கோரி எழுதியது. மணியக்கா இருபத்தாறு நிமிடத்தில் அச்செடுத்துக் கொடுத்தாள். பெரிய டீச்சர் சிவப்புப் பேனாவோடு வாசித்தார். இரண்டு இடத்தில் வட்டம் போட்டார்.

“அந்த செத்த பொட்டியிலயா கத்துக்கிட்டே?”

“பாதி செத்ததுல டீச்சர், பாதி உசிரானதுல.”

“போ, போய் உக்காரு” என்றார் பெரிய டீச்சர், மூலையில் இருந்த நாற்காலியைக் காட்டி. அவள் உட்கார்ந்தாள். முழங்கால்கள் கொஞ்ச நேரம் நம்பவில்லை.

*

செயலாளர் அந்தப் பள்ளிக்குத் தாளாளரும்கூட. அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் அலுவலகத்துக்கு வந்து, அவள் எதிரே உட்கார்ந்தார்.

“ஆரம்பிச்சு ரெண்டு மாசத்துல ஒரு ஏழைப் பொண்ணுக்கு வேலை வாங்கிக் குடுத்திருக்கு நம்ம மையம். இதைப் பதிவு பண்ணாம விட முடியுமா? இன்னொரு கல்வெட்டு போடுறதா கமிட்டியில பேசப்போறோம். அடிச்சுக்கோம்மா.”

அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். மையத்தின் முதல் சாதனையை நினைவுகூர்ந்து. பேராயர். போதகர். பொருளாளர். கப்பலில் இருந்தவர். பதினேழு பெயர்கள். செயலாளர் இம்முறை தாழ்மையை ஒத்திவைத்து மூன்றாவது இடத்துக்கு வந்திருந்தார். வேலை கிடைத்தவளைப் பற்றி ‘ஒரு பயனாளி’ என்று ஒரு வரி இருந்தது.

“அளவு, நாலுக்கு மூணு. இடம்...” செயலாளர் கண்ணை மூடி அந்த அறையை மனதில் கொண்டுவந்தார். “பழைய கல்லுக்குக் கீழ நாலடி சும்மாதானே கெடக்கு. கச்சிதமா உக்காரும்.”

மணியக்காவின் விரல்கள் நின்றன. இந்நேரம் அங்கே தபால்காரர் பேரனுக்குக் கடிதம் அடித்துக்கொண்டிருப்பார்.

“ஐயா, கீழ போட்டா உங்க பேரு முழங்காலுக்குப் பக்கத்துல வருங்களே. புதுசா வந்திருக்கிற பொண்ணு கூட்டும்போது துடைப்பம் படும்.”

செயலாளர் கண்ணைத் திறந்தார். “துடைப்பமா?”

“அதுவும் இல்லாம, ரூமுக்குள்ள இருந்தா படிக்க வர்ற பத்து பேருதான் பாப்பாங்க. வெளி மதில்ல வெச்சா ரோட்டுல போற ஜனம் பூரா பாக்கும். பஸ்ஸு நிக்கிற இடம் வேற.”

செயலாளரின் முகத்தில் பேராயரின் திரையில் தோன்றிய பச்சை மலை தோன்றியது. “மதிலு” என்றார். “மதிலுக்கு நாலடி பத்தாது. ஆறுக்கு நாலுன்னு போட்டுக்கோ.”

அவள் ‘இடம்: வெளி மதில்’ என்று அடித்தாள். ஆறுக்கு நாலு என்றும் அடித்தாள். வேண்டுமானால் அறுபதுக்கு நாற்பது என்றுகூட அடித்திருப்பாள். இன்னொரு கல் வரப்போகிறது என்று ஞாயிற்றுக்கிழமையே அவள் காதில் விழுந்திருந்தது; அந்த மதிலில் ஒரு வயர்கூட ஓடவில்லை என்று அன்று காலையிலேயே கொழுந்தனிடம் கேட்டு வைத்திருந்தாள்.